ஏழாம் வட்டத்துச் சாடி

அந்தக் குழந்தையின் தொடை எலும்பை நான் மூன்று முறை அளந்தேன். முதல் முறை, அளவு அவ்வளவு சரியாக வந்ததை நம்ப முடியாமல். இரண்டாம் முறை, பக்கத்தில் நின்றவளுக்குக் காட்ட. மூன்றாம் முறை, சும்மா சந்தோஷத்துக்கு. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை என்ன ஜென்மம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

என் வேலை எலும்பு பார்ப்பது. அகழாய்வில் கிடைக்கும் எலும்பைச் சுத்தம் செய்து, அது எத்தனை பேருடையது, என்ன வயது, என்ன பாடுபட்டுப் போனார்கள் என்று சொல்ல வேண்டும். அதே அகழாய்வுக்கு என் கணவர் இயக்குநர். கடைத்தெருவில் அவரை டைரக்டர் என்பார்கள். காய்கறிக்காரர் ஒருவர் தன் மருமகனுக்கு ஒரு சின்ன வேடம் கிடைக்கும் என்று நம்பி, வாங்குகிற காய்க்கெல்லாம் கொசுறாக எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் உண்மையை உடைத்தேன். "எங்க படத்துல நடிக்கிறவங்க எல்லாரும் செத்து மூவாயிரம் வருஷம் ஆச்சுங்க" என்றேன். அதோடு எலுமிச்சம்பழம் நின்றது.

ஊரைத் தாண்டி ஒரு கரட்டு மேடு. அதன் மேல் உருண்டைப் பாறைகளை வட்டம் வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் மண்ணுக்குள் ஒரு கல் அறை. நான்கு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல், கிழக்குப் பலகையில் மட்டும் ஒரு வட்டத் துளை. தலை நுழையும், தோள் நுழையாது. துளைக்கு அளவாக ஒரு அடைப்புக் கல். இறந்தவரை அவர்கள் அப்படியே உள்ளே வைக்கவில்லை. வெளியே எங்கோ கிடத்தி, காற்றும் மழையும் பறவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தைப் பொறுக்கி வந்து அந்தத் துளை வழியாக உள்ளே சேர்த்தார்கள். வீட்டில் இன்னொருவர் போனால் அடைப்பைத் திறந்து அவரையும் சேர்ப்பார்கள். பாட்டன் பூட்டன் என்று எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே வாசல்.

என் கணவரின் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். பெயர் வைக்காத குழந்தைகளை இந்த மக்கள் கல்லறைக்குள் சேர்க்கவில்லை என்பது அது. இத்தனை வட்டங்கள் தோண்டியும் ஒரு பச்சைக் குழந்தையின் எலும்புகூடக் கிடைக்கவில்லை என்பது அவர் கட்சி. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா என்பது என் கட்சி. சாப்பிடும்போது இந்தப் பேச்சை எடுத்தால் குழம்பு ஆறிவிடும். நான்தான் கத்துவேன். அவர் கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார், தன் கட்சியையும் விட மாட்டார். கல்லுளிமங்கன் என்று வேலையாட்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரிந்ததும் நான் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தேன்.

வட்டங்களுக்கு எண் கொடுத்து வரிசையாகத் தோண்டி வந்தோம். ஏழாவதை மட்டும் தாண்டி எட்டுக்குப் போனோம். "அத கடைசியில பாத்துக்கலாம்" என்றார். ஒரு வருஷம் மூடுகல்லில் விரிசல் என்றார். அடுத்த வருஷம் மழை. அதற்கடுத்த வருஷம், பலகைக்கு அடியில் பாம்புப் புற்று இருக்கிறது என்றார். பாம்பென்றால் எனக்கு உயிர் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் சாலைக்காரர்கள் வந்தார்கள். மேட்டை அறுத்துக்கொண்டு பெரிய சாலை போகப் போகிறதாம். மண் அள்ளும் இயந்திரம் அடிவாரத்தில் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்குவதற்காக என் கணவர் தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஏழாவது வட்டத்த மட்டும் தொடாத. நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். சரி என்றேன்.

சரி என்று சொன்னேன்தான். ஆனால் மறுநாள் காலையில் இயந்திரம் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. அதை ஓட்டுகிறவர் டீ குடித்துக்கொண்டே ஏழாம் வட்டத்தின் பாறை ஒன்றில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். என் கணவர் அங்கே யார் மேசை முன்னாலோ வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவதற்குள் இங்கே எல்லாம் சமதரையாகிவிடும் என்று பட்டது. பாரந்தூக்கிக்குச் சொல்லி அனுப்பினேன். மூடுகல்லைத் தூக்கினோம். விரிசலும் இல்லை, பாம்பும் இல்லை.

தோண்டுகிறவர்களுக்குத் தலைவர் எங்கள் மேஸ்திரி. கல் அறைக்குள் இறங்கி எட்டிப் பார்த்தவர், "அம்மா, பூட்டு உடையாத வீடு" என்றார். யாரும் கை வைக்காத அறை என்று அர்த்தம். பின்பக்கம் பெரியவர்களின் எலும்புகள், குவியலாக. இரண்டு இரும்புக் கத்திகள். முன்பக்கம், துளைக்கு நேர் உள்ளே, மூடி போட்ட ஒரு சின்னச் சாடி.

அந்தச் சாடியைக் கிடங்குக்குக் கொண்டுவந்து நானே பிரித்தேன். கிடங்கு என்பது ஊருக்குள் நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய சரக்கு அறை. கழற்றிப் போட்ட கதவு ஒன்றை இரண்டு டிரம்களின் மேல் வைத்ததுதான் என் மேசை. படம் வரைகிற பெண் பக்கத்தில் நின்றாள். ஒடிசலான உடம்பு, காதில் எப்போதும் சீவிய பென்சில். அதனால் அவளுக்குப் பெயரே பென்சில்.

சாடிக்குள் இருந்த மண்ணைத் தொட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது. வெளியே இருக்கும் மண் முழுக்கச் சரளை. உள்ளே மாவு மாதிரி மண். ஒரு பொடிக்கல் இல்லை, ஒரு வேர் இல்லை. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். முட்டை ஓடு கனத்தில் மண்டையோட்டுத் துண்டுகள் வந்தன. விரல் எலும்புகள் அரிசி அளவு. தொடை எலும்பு என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். முழு மாதமும் வயிற்றில் இருந்து பிறந்த குழந்தை.

"பாத்தியா?" என்று பென்சிலிடம் சொன்னேன். "யாரோ உக்காந்து மண்ணச் சலிச்சிருக்காங்க. குழந்தை மேல கல்லு குத்தக் கூடாதுன்னு. பேரு வெச்சாங்களோ இல்லையோ, மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி இத நெனச்சிருக்கா."

"ஒருத்தியாத்தான் இருக்கணுமாக்கா? ஒருத்தனா இருக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

"ஆம்பளைங்களுக்கு இவ்வளவு பொறுமை எங்கடி இருக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அவள் கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு இதப் பாக்கக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டாள். எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒன்று மாதம் நிறைந்து, பிறக்கும்போதே மூச்சில்லாமல் போனது. நான் மயக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு வந்த காய்ச்சலில் நானே பிழைப்பேனா என்று இருந்தது. தெளிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் ஒரு தடவை ஆரம்பித்தாள். தட்டைத் தூக்கி எறிந்தேன். அதோடு ஊரே அடங்கியது.

"இது எலும்புடி. வேலையப் பாரு" என்றேன்.

எலும்பு கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. அவ்வளவு பழசுக்கு இருக்க வேண்டிய பொரபொரப்பு இல்லை. மூடிய சாடி, ஈரம் ஏறாத மண், அதனால் கெடாமல் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். எனக்கு அந்தக் குழந்தை வேண்டியிருந்தது. அவர் வாக்கியத்தை அடித்துப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு எலும்பின் மேலும் மெல்லிய பேனாவால், கருப்பு மையில், எண் எழுதினேன். அழியாமல் இருக்க மேலே வார்னிஷ் தடவினேன். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். காலம் கணிக்க ஆய்வகத்துக்கு உடனே அனுப்பச் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் வண்டி வரும் என்றார்கள்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். அவகாசம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. தட்டைக் காட்டினேன். வெள்ளைத் தட்டில், உடம்பில் இருக்கும் வரிசையிலேயே எலும்புகளை அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரக் கேட்டுத் திறந்த?"

"யாரக் கேக்கணும்? மிஷின் மேல ஏறிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் அவன் காத்திருப்பானா?"

அவர் தட்டின் பக்கம் வந்தார். கையை நீட்டி, தொடாமலே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதுல எழுதியிருக்கியே" என்றார்.

"எண் போடாம பின்ன? சாயங்காலம் வண்டி வருது. காது எலும்பக் கேட்டிருக்காங்க, தனியா எடுத்து வெச்சிட்டேன்."

உடம்பிலேயே கெட்டியான எலும்பு காதுக்குள் இருப்பது. அதை அரைத்துப் பொடியாக்கித்தான் பார்ப்பார்கள். பொடியானது திரும்பி வராது. இது அவருக்கும் தெரியும்.

"அனுப்ப வேண்டாம்."

"ஏன்?"

அவர் தட்டை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வாக்கியம் பொய்யாப் போயிடும்னா? இத்தன வருஷமா எழுதினதெல்லாம் வீணாப் போயிடும்னா?"

"அனுப்ப வேண்டாம்னு சொல்றேன்" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதும் உயரவில்லை, கிழிந்தது. பென்சில் மெதுவாக வெளியே நழுவிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புருஷனாக இருந்தாலும் பொறாமை பொறாமைதான் என்று நினைத்தேன். அதை வாய்விட்டே சொன்னேன். கதவை அறைந்து சாத்திவிட்டு மேட்டுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் மேஸ்திரி ஏழாம் வட்டத்தின் தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சாடி இருந்த இடத்துக்கு நேர் கீழே, கற்பலகைத் தரையின் மூலையில், அவர் கை நின்றது. ஓர் ஓட்டுச் சில்லு, அதன் மேல் கவிழ்த்த இன்னொரு சில்லு. மேல் சில்லை எடுத்தார். நடுவில் ஒரு நாணயம்.

பழங்காலத்து நாணயம் இல்லை. நம் கடைகளில் புழங்குகிற, பூட்டிய அறையில் கிடந்ததால் அவ்வளவாகக் கறுக்காத, நம் காலத்து நாணயம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குழியைத் தோண்டி முடித்து மூடும்போது, அடியில் அந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போடுவோம். பின்னால் எவராவது அதே இடத்தைத் தோண்டினால், இது ஏற்கெனவே கலைத்த மண், இதை நம்பி ஏமாறாதே என்று அது சொல்லும். சிலர் சோடா பாட்டில் மூடி போடுவார்கள். என் கணவர் மட்டும் நாணயத்தை இரண்டு ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில் வைப்பார்.

மேஸ்திரி முதலில் சிரித்தார். "சார் நமக்கு முன்னாடியே இங்க வந்துட்டுப் போயிருக்காரு போலிருக்கே" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டார்.

மூடுகல்லை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. ஆனால் கிழக்குப் பக்கத்து மண்ணைத் தோண்டி, துளையின் அடைப்பை எடுக்கலாம். குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டால் சாடி இருந்த இடம் எட்டும். திறக்காதே, தொடாதே, பாம்பு என்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. என் கணவர் யாருக்கும் தெரியாமல் இந்த அறைக்குள் கை விட்டிருக்கிறார். சாடிக்குள் இருந்த குழந்தை மூவாயிரம் வருஷத்துக் குழந்தை இல்லை. கனமான எலும்பு. பொரபொரப்பில்லாத எலும்பு. என் கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை, நான்தான் தெரிய விடவில்லை. எங்கிருந்தோ ஒரு குழந்தையின் எலும்பைக் கொண்டுவந்து வைத்து என்னை முட்டாளாக்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கே திருடினார், எந்த மருத்துவக் கல்லூரியில் வாங்கினார் என்றெல்லாம் மனசு ஓடியது.

"எந்த வருஷம் போட்டிருக்கு பாருங்க" என்றேன். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது.

மேஸ்திரி நாணயத்தைச் சட்டையில் துடைத்து, வெயிலுக்குப் பிடித்து, வருஷத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த வருஷம் நாம தோண்டவே இல்லியேம்மா" என்றார். "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு வேலைய நிறுத்திட்டாரே."

மேட்டிலிருந்து கிடங்குக்கு எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கடைத்தெரு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், வேறு வழி கிடையாது. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது என்று பென்சில் பிறகு சொன்னாள். ஆனாலும் நான் எதையும் முடிவாக நினைக்கவில்லை. நினைப்புக்கு முன்னால் ஒரு சுவரை வைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே போய் ஏன் ஏமாற்றினாய் என்று கத்த வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

கதவைத் தள்ளினேன். அவர் என் மேசையின் முன்னால், என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் கைக்குட்டையை விரித்துத் தட்டின் மேல் போர்த்தியிருந்தார். முழுவதும் போர்த்தவில்லை. முகம் இருக்கிற பக்கத்தை மட்டும் திறந்து விட்டிருந்தார்.

கத்துவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அளந்தபோது தெரியவில்லை, எண் எழுதியபோது தெரியவில்லை, ஓர் அழுக்குக் கைக்குட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்க்காமலேயே பேசினார். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு ரூம் இருந்துச்சு. அங்க ஒரு வாளி, அதுல மஞ்சள் பை. மூச்சு விடாததுக்குத் தனியா எதுவும் கிடையாது சார், நாங்களே பாத்துக்கறோம்னாங்க. பாத்துக்கறோம்னா என்னன்னு கேட்டேன். அந்த ஆளு வாளியக் காட்டினான். நான் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். மயானத்துக்குப் போனேன். பேரு என்னன்னு கேட்டாங்க. இன்னும் வெக்கலன்னேன். பேரு இல்லாம இடம் கொடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல. மனுஷங்களப் பத்திரமா வெச்சிருக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்."

"அதுக்கு... அந்த ஓட்டைக்குள்ளயா?" என்று கேட்டேன்.

"சாடி அங்கயே இருந்துச்சு, காலியா. சல்லடை நம்மளோடது. கை எட்டுற வரைக்கும் தள்ளி வெச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"கண்ணத் திறந்ததும் எதுவும் சொல்லாதீங்கன்னு சொன்ன. சொல்லாம இருந்தேன். அப்புறம் எப்போ சொல்லலாம்னு தெரியல. ரோடு வருதுன்னதும், கடைசியா நான் மட்டும் போய் எடுத்துடலாம்னு நெனச்சேன். நீ முந்திக்கிட்ட."

"காலைல சொல்லியிருக்கலாமே. அனுப்பாத அனுப்பாதன்னு மட்டும் சொன்னா நான் என்னன்னு நெனப்பேன்?"

"வாய் வரல" என்றார்.

நான் எழுந்து போய் அவர் முதுகில் அடித்தேன். நன்றாக, கை வலிக்கிற மாதிரி அடித்தேன். "கல்லுளிமங்கன், கல்லுளிமங்கன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். அவர் நகரவில்லை. "என் பிள்ளைய என்னையே அளக்க வெச்சுட்டீங்களே. என் கையாலயே எண் போட வெச்சுட்டீங்களே" என்றேன். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் பரவாயில்லை.

"அந்தக் காச எதுக்கு வெச்சீங்க? அது இல்லன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"தோண்டி மூடினா வெக்கணும்ல" என்றார், பாடம் சொல்கிற மாதிரி. பிறகு குரல் இறங்கியது. "பின்னாடி யாராவது திறந்தா, அவங்க ஆளோட சேத்துடக் கூடாதுல்ல. நம்ம ஆளுன்னு தெரியணும்ல."

கைக்குட்டையை மெல்ல விலக்கினேன். தொடை எலும்பை எடுத்தேன். முந்தின நாள் எடுத்த அதே எலும்பு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். என் கையெழுத்து அதன் மேல் முத்து முத்தாக இருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. எந்தக் காலத்திலும் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய மை. புடவைத் தலைப்பால் தேய்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, உடைஞ்சிடும்" என்றார்.

மேசையின் ஓரத்தில் ஒரு சின்னக் குப்பி. அதற்குள் பஞ்சு வைத்து, காது எலும்பைப் போட்டு, நானே மூடி வைத்திருந்தேன். மேலே ஆய்வகத்தின் முகவரி. இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வரும், குப்பி போகும், ஒரு இயந்திரத்தில் போட்டு அரைப்பார்கள். எதையும் கேட்டறியாத காது. இவர் காலையில் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி கை அந்த மூலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நானே குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதை நினைத்ததும் எனக்கு வாந்தி வந்தது. வாளியைத் தேடி ஓடினேன். அவர் வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

முகம் கழுவிவிட்டு வந்து குப்பியைத் திறந்தேன். பஞ்சோடு அதை எடுத்துத் தட்டில், அதற்குரிய இடத்தில் வைத்தேன். எதிரெதிராக உட்கார்ந்தோம். நடுவில் தட்டு. வெளியே வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. நாங்கள் அசையவில்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. என் படிப்பு, என் அனுபவம், என் அளவுகோல், எதுவும் அந்தக் கேள்விக்கு உதவாது. பச்சைக் குழந்தையின் எலும்பை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் அது மட்டும் தெரியாது. பதினோரு வருஷமாக யாரும் சொல்ல நான் விடவில்லை.

"என்ன குழந்தைங்க?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த முகம்.

"பொண்ணு" என்றார். "முடி நிறைய இருந்துச்சு."

மறுபடி ஹாரன். நான் எழுந்து வெளியே போனேன். வண்டி டிரைவர் இன்ஜினை அணைக்காமலே கதவில் சாய்ந்து நின்றார். பென்சிலும் மேஸ்திரியும் சுவரோரம் நின்றிருந்தார்கள். மேஸ்திரி தன் தலைத்துணியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பொட்டி ரெடியாம்மா?" என்றார் டிரைவர்.

"வராதுங்க. நீங்க போங்க."

"குழந்தை எலும்புக்காகத்தானே அவ்வளவு தூரத்துலேந்து அனுப்பினாங்க. வெறுங்கையோட போனா என்னக் கேப்பாங்களே. என்னன்னு சொல்ல?"

"என் பொண்ணுன்னு சொல்லுங்க" என்றேன்.

என் பொண்ணு. அந்த வார்த்தையை என் வாய் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னது. டிரைவர் என் முகத்தையும், திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த என் கணவரின் முதுகையும் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் வண்டிக்குள் கையை விட்டு இன்ஜினை அணைத்தார்.